படித்ததாகச் சொன்ன இருவர்

வெள்ளி, 21 நவம்பர் 2025

இன்று செய்த தவறு: பேராசிரியர் ஹில்டாவுக்கு அனுப்ப வேண்டிய மதிப்பெண் தாளை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

சிறிய தவறுதான். 'ஹில்டா மேடம்' என்ற பெயரும் 'நம்ம வூடு' என்ற குழுவும் போனில் அடுத்தடுத்து இருந்தன. ஷேர் ஆட்டோ பள்ளத்தில் இறங்கியது, விரல் ஒரு வரி கீழே போனது. காரணத்தை எழுதுவதால் தவறு குறைந்துவிடாது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உடனே அழித்தேன். அதற்குள் வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். முதல் பதில் அப்பாவுடையது, குரல் பதிவு. காற்று பலம் என்று எச்சரிக்கை வந்ததால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சைக் கட்டிவிட்டு அங்கேயே காவல் இருக்கிறார்.

"இன்னாம்மா இது, ரெண்டு மார்க்கு? யாரு பெயிலு? நீயா சௌமியா? பரவால்ல வுடு, அடுத்த தபா எழுதிக்கலாம்."

போன வாரம் எழுதியதை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எனக்கே குழம்பும்.

பகலில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் அடிக்கிறேன். மாலையில் ராயபுரத்தில் எம்.ஏ. கல்வியியல் படிக்கிறேன். எங்கள் பேராசிரியர் ஹில்டா, கல்வி ஆய்விதழ்களைத் தரம் பிரிக்கும் குழு ஒன்றை நடத்துகிறார். ஆய்விதழ் என்றால், ஒரு கட்டுரையை அச்சிடும் முன் அதே துறை தெரிந்த இரண்டு பேர் அதைப் படித்து, இது சரி, இது தப்பு, இதைத் திருத்து என்று சொல்ல வேண்டும். அப்படி உண்மையிலேயே யாராவது படிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் குழுவின் வேலை. தேறும் இதழ்கள் மட்டும் குழு வெளியிடும் பட்டியலில் இருக்கும். ஒவ்வோர் இதழையும் இரண்டு பேராசிரியர்கள், ஒரு மாணவர் என மூவர் தனித்தனியாகப் பார்ப்போம். ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாது. கட்டுரை எழுதியவர்களின் பெயர் மேல் கறுப்பு மை அடித்துத்தான் எங்களிடம் தருவார்கள்.

எனக்கு வந்த இதழ் 'கல்விக்கரை'. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, அதைப் படித்த இருவர் சொன்ன கருத்தையும் 'மதிப்புரை' என்று அச்சிடுவார்கள். நல்ல வழக்கம் என்று நினைத்தேன். பிறகு அவற்றை வரிசையாக வைத்துப் படித்தேன்.

"கட்டுரை பொருத்தமானது. நடை தெளிவாக உள்ளது. சில எழுத்துப் பிழைகளைத் திருத்தி வெளியிடலாம்."

பன்னிரண்டு கட்டுரைகளுக்கும் இதே மூன்று வாக்கியங்கள். ஒரு கட்டுரையில் ஒரே பக்கம் இரண்டு தடவை அச்சாகியிருந்தது. அதற்கும் நடை தெளிவாகத்தான் இருந்தது.

பத்துக்கு இரண்டு போட்டேன். போட்டபின் மூன்று போட்டிருக்கலாமோ என்று ஒரு இரவு யோசித்தேன். கடைசியில் இரண்டையே அனுப்பினேன், வீட்டுக் குழுவுக்கு.

*

பதினோரு மணிக்குக் கடை வாசலில் அண்ணி நின்றார்.

அண்ணியின் பெயர் ஜெஸ்லின். ராயபுரத்தில் மொத்த வியாபாரம் செய்யும் தூத்துக்குடிக் குடும்பத்துப் பெண். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தற்காலிக வேலையில் இருக்கும் என் அண்ணன் வெற்றியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் திருவொற்றியூர் மீனவக் குப்பத்து வீட்டுக்கு வந்தவர். கோபம் வந்தால் தூத்துக்குடி பேச்சு வந்துவிடும்.

"சௌமி, வெளிய வா."

லாரியிலிருந்து கம்பிக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டு விழும்போதும் தரை அதிர்ந்தது.

"அண்ணி, இங்கல்லாம் எதுக்கு வந்தீங்க? கம்பி வுழுந்தா இன்னா ஆவுறது?"

"விழட்டும். காலையிலயே தலைல விழுந்தாச்சு. ரெண்டு மார்க்கு! ஒங்க அண்ணனுக்கு ரெண்டு மார்க்கு!"

"அண்ணனுக்கு இல்ல அண்ணி. ஒரு இதழுக்குப் போட்டேன்."

"கட்டுரை ஏழுன்னு எழுதிருக்கேல்லா? ஏழு அவரு."

இன்னொரு கட்டு விழுந்தது. நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ள விரும்பினேன். ஆனால் கேட்டிருந்தது.

"எனக்குத் தெரியாது அண்ணி. பேர் மேல மை அடிச்சிருந்தாங்க."

"தலைப்பு மேலயும் அடிச்சிருந்தாவளா? தடைக்காலம், மீனவப் பிள்ளைங்க, பள்ளிக்கூடம். திருவொற்றியூர்ல வேற எவன் இதப் போயி எழுதுவான்?"

தலைப்பைப் பார்த்தேன், என் கையாலேயே தாளில் எழுதினேன். அண்ணன் குப்பத்துப் பிள்ளைகளைப் பற்றி ஏதோ எழுதுகிறான் என்பதும் எனக்குத் தெரியும். எந்த இதழ் என்று அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் கண் முழுக்க அந்த மூன்று வாக்கியங்களின் மேல் இருந்தது.

"திங்கக்கிழமை இன்டர்வியூ," என்றார் அண்ணி. இப்போது குரல் இறங்கியிருந்தது. "பட்டியல்ல இருக்குத இதழ்ல ஒரு கட்டுரையாவது வந்திருக்கணும். வந்திருந்தா நிரந்தரம். இல்லன்னா இன்னொரு வருசம் தற்காலிகம். மூணு வருசமா ஜூன் மாசம் ஆர்டர் வருமா வராதான்னு உக்காந்திருக்கேன் சௌமி. எங்க வீட்டுல எங்கப்பா கேட்டா, 'வந்துரும்ப்பா'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கசந்துபோச்சு."

"அண்ணி, அந்த இதழ் சரியில்ல. யாரும் படிக்காமயே போடுறாங்க."

"அது அவரு குத்தமா?"

இல்லை. அதுதான் எரிச்சல். அது அவன் குற்றம் இல்லை.

"ஒரு எட்டு போடு. மேடத்துக்கு இன்னும் போவலல்லா? வேற தாள் எழுதி அனுப்பு."

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். "எங்களுக்குத் தப்பா அனுப்பத் தெரிஞ்சுது. அங்க மட்டும் சரியா அனுப்பிட்டியாக்கும்!"

திரும்பிப் பார்க்காமல் போனார். உள்ளே முதலாளி, "இன்னாமா, வூட்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த பில்லில் டன் வர வேண்டிய இடத்தில் கிலோ அடித்தேன்.

*

ஐந்தரைக்குக் கல்லூரி போனால் வகுப்பு இல்லை. மழை எச்சரிக்கை. ஹில்டா மேடம் ஸ்கூட்டர் சீட்டில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ வந்தது நல்லது. கல்விக்கரைக்கு மத்த ரெண்டு மதிப்பெண்ணும் வந்துடுச்சு. ஒருத்தர் ஒன்பது, ஒருத்தர் மூணு. பேர் சொல்ல மாட்டேன்."

"ஒன்பதா?"

"ஒன்பது. ஆசிரியர் குழுவுல பெரிய பேருங்க இருக்காங்களாம், நல்ல தாள்ல அச்சடிக்கிறாங்களாம். அதான் காரணம்னு எழுதியிருக்கார்." உறையை இழுத்தார், கிழிந்தது. "மூணாவது நீ. உன் மதிப்பெண்தான் முடிவு செய்யப்போகுது. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் குழு கூடுது. ரெண்டு ஏன் போட்டேன்னு நீயே வந்து சொல்லணும். சாயங்காலம் பட்டியல் வெளிய போயிடும்."

"மேடம், மூணாவது ஆள் இல்லன்னா என்ன ஆகும்?"

"மூணாவது இல்லன்னா முடிவு எடுக்க முடியாது. முடிவு எடுக்கலன்னா இதழ் இந்த வருஷமும் பட்டியல்லயே இருக்கும். ஏன்? உனக்குக் காய்ச்சலா?"

"இல்ல மேடம். ஒரு விஷயம் சொல்லணும்..."

"மார்க் கூடப் போட்டுட்டோமா, குறைச்சுப் போட்டுட்டோமா, அதானே? நீ வருகைப் பதிவுல கையெழுத்துப் போட்டாலே ரெண்டு தடவை யோசிக்கிற ஆள். நாளைக்குச் சொல்லு. மழை வருது."

போய்விட்டார். நான் உரக்கக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மழைதான் காரணமா, அல்லது மழை வந்தது எனக்கு வசதியாக இருந்ததா என்று இப்போது வரை தெரியவில்லை.

விதி தெளிவாகவே இருக்கிறது. பார்க்கிற இதழில் சொந்தக்காரர் எழுதியிருப்பது தெரிந்தால் அந்த நிமிடமே சொல்லி விலக வேண்டும். நான் விலகினால் மூன்றாவது மதிப்பெண் இல்லை. இல்லையென்றால் கல்விக்கரை பட்டியலில் நிற்கும், அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகும். விலகாமல் மறைத்தால் இதழ் விழும், ஆனால் நான் பொய் சொன்னவளாவேன்.

உண்மையைச் சொன்னால் பொய்யான இதழ் பிழைக்கும். மறைத்தால் சரியான முடிவு கிடைக்கும். இப்படி ஓர் ஏற்பாட்டை யார் செய்து வைத்தார்கள்?

*

ராயபுரம் ஸ்டேஷனில் அண்ணன் காத்திருந்தான். கையில் குடை. கோபமாக இல்லை. அண்ணன் கத்தாமல் பேசினால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம்.

"டீ குடிக்கிறியா?"

"வேணாம்ணா."

"பன்னெண்டு கட்டுரைக்கும் அதே வரியா?"

"ஆமா."

"ஒரு எழுத்துகூட மாறலையா?"

"மாறல."

தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்த நான் பிரின்ட் எடுத்து ஸ்டாஃப் ரூம்ல என் கப்போர்டு உள்பக்கம் ஒட்டி வச்சிகிறேன். நடை தெளிவாக உள்ளதுன்னு. எழுத்துப்பிழைன்னு போட்டிருந்தாங்களா, எங்கன்னு ரெண்டு நாள் தேடினேன். ஒன்னும் கெடைக்கல. நம்ம கண்ணுக்குத் தெரியாதது அவுங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது, எம்மாம் கூர்மையா படிச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"நீ இன்னா நெனச்ச?"

"எத்த?"

"என் கட்டுரையத்தான். ரெண்டு மார்க்கு போட்டிருக்கியே. படிச்சிட்டுத்தான போட்டிருப்ப?"

"அது மதிப்புரைக்குப் போட்ட மார்க்குணா. யாராவது படிச்சாங்களான்னு மட்டும்தான் நான் பாக்கணும். கட்டுரை நல்லதா இல்லையான்னு பாக்கறது..."

"அப்ப நீ படிக்கல."

"தலைப்பு, சுருக்கம் பாத்தேன். கீழ மதிப்புரை பாத்தேன்."

அண்ணன் சிரித்தான். அவன் சிரித்ததுதான் இன்றைய நாளில் மிக மோசமான விஷயம்.

"நல்லா கீதுமா. ரெண்டு பேரு படிக்கல. அவுங்க படிக்கலன்னு கண்டுபிடிச்ச நீயும் படிக்கல. அப்ப நீயும் அந்த ரெண்டு பேர்ல ஒருத்திதான்."

வண்டி வந்தது. நான் பையிலிருந்து ஏழாம் கட்டுரையை எடுத்தேன். பெயர் மேல் கறுப்பு மை. கம்பியைப் பிடித்து நின்றபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நன்றாக எழுதியிருந்தான். அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. வீடு வீடாகப் போயிருக்கிறான். ஒரு பெண் குழந்தை சொன்னதை அப்படியே போட்டிருந்தான்: "மீனு வந்தா அம்மா ஏலத்துக்குப் போயிடும். தம்பிய நான்தான் பாத்துக்கணும்." மழை நாளில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், அதனால் யார் பள்ளிக்கு வர மாட்டார்கள் என்பதுகூட இருந்தது. எனக்கே தெரியாத தெருக்கள்.

கொருக்குப்பேட்டை தாண்டும்போது அட்டவணைக்கு வந்தேன்.

தடைக்காலத்தில் பிள்ளைகளின் பள்ளி வருகை முப்பத்தெட்டு சதவீதம். மற்ற காலத்தில் எண்பத்தொன்று. கட்டுரையின் முடிவே இதுதான்: மீன்பிடித் தடைக்காலத்தில் குப்பத்துப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் பள்ளிக்கு வருவதில்லை.

இரண்டு தடவை பார்த்தேன். நான்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறேனோ என்று மூன்றாவது தடவையும் பார்த்தேன்.

"அண்ணா. தடைக்காலம் ஏப்ரல் நடுவுல ஆரம்பிச்சு ஜூன் நடு வரைக்கும்தானே?"

"இது இன்னா கேள்வி? நைனா வூட்ல இருக்குற ரெண்டு மாசம்."

"மொத்தம் எத்தனை நாளுன்னு எப்படிக் கணக்குப் போட்ட?"

"காலண்டர் பாத்துதான். சனி, ஞாயிறு கழிச்சிட்டேன்."

"மே மாசம்?"

"மே மாசத்துக்கு இன்னா?"

"மே மாசம் ஸ்கூல் ஏதுணா?"

வண்டி தண்டையார்பேட்டையில் நின்றது. இறங்குபவர்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அண்ணன் என் கையிலிருந்த தாளை வாங்கினான். அட்டவணையைப் பார்த்தான். விரலை வைத்து ஒரு வரிசையில் மேலே போனான், கீழே வந்தான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறவன். கோடை விடுமுறை எப்போது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் வருஷம் என்பதே இரண்டு துண்டுதான்: தடைக்காலம், மற்ற காலம். மே மாதம் எங்களுக்கு லீவு மாதமாக நினைவில் இல்லை. அப்பா பகலில் வீட்டில் படுத்திருக்கும் மாதமாக, அம்மா பழவேற்காடு ஏரி மீனை வாங்கி விற்கும் மாதமாகத்தான் நினைவு. வேறு எந்த வீட்டுக்காரன் எழுதியிருந்தாலும் வருஷத்தைப் பரீட்சை, லீவு என்று பிரித்திருப்பான். அண்ணன் கடலை வைத்துப் பிரித்துவிட்டான்.

"பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல மே மாசம் காலியா இருந்துச்சு," என்றான். "வரலன்னு எடுத்துக்கினேன்."

"யாருமே வரல. வாத்தியாரும் வரல."

"வாட்ச்மேனும் வந்திருக்க மாட்டான்."

இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிக்கவில்லை.

"யாருனா ஒருத்தன்," என்றான் அண்ணன், மெதுவாக. "ஒரே ஒருத்தன் உக்காந்து படிச்சிருந்தா மொத நாளே கேட்டிருப்பான். 'ஏம்ப்பா, மே மாசம் ஸ்கூல் ஏது?' அம்புட்டுதான். நான் திருத்தியிருப்பேன். அதுக்குத்தானே சௌமியா ரெண்டு பேரு படிக்கணும்னு வச்சிகிறாங்க?"

அதற்குத்தான். போன வாரம் முழுக்க அதைத்தான் நான் தாளில் கட்டம் போட்டு எழுதினேன். அவன் சொன்ன அளவுக்குத் தெளிவாக எழுதவில்லை.

*

வீட்டுக்குள் நுழைவதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டார். அம்மா புஷ்பவல்லி அரிவாள்மனையில் சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மேடம் சொன்னதை நான் சொன்னேன்: ஒன்பது, மூன்று, நான் விலகினால் என்ன ஆகும் என்பது. மறைத்திருக்கலாம். எனக்கு மறைக்கத் தெரிவதில்லை, காலையிலேயே தெரிந்துவிட்டது.

அண்ணியின் முகம் மாறியது.

"அப்பன்னா நீ போயி உண்மையச் சொல்லிரு."

"எது உண்மை அண்ணி?"

"'மேடம், இது எங்க அண்ணன் கட்டுரை, நான் பாக்கக் கூடாது'ன்னு. விதி அதானே? நான் என்ன பொய்யா சொல்லச் சொல்லுதேன்? உண்மையத்தானே சொல்லச் சொல்லுதேன்!"

"காலைல எட்டு போடச் சொன்னீங்க."

"அது காலைல. இப்ப நேர்மையா இருன்னு சொல்லுதேன். அதுக்கும் மொறைக்கா பாரு!"

என்னால் தாங்க முடியவில்லை. அண்ணி சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. நான் நாளைக்குச் செய்ய நினைத்ததும் அதுவேதான். ஆனால் அண்ணி வாயிலிருந்து வந்ததும் அதைச் செய்யவே பிடிக்கவில்லை.

"ஜெஸ்லின், வுடு," என்றான் அண்ணன். "கட்டுரைலயே தப்பு கீது."

சொன்னான். அட்டவணையை, மே மாதத்தை, எல்லாவற்றையும். அம்மா மீனைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இரு இரு. நம்ம புள்ளிங்கோ பாதிப்பேரு ஸ்கூலுக்கே போவலன்னு நீ எழுதிக்கீற?"

"தடைக்காலத்துல மட்டும்மா."

"லீவு வுட்டா எந்தப் புள்ளடா ஸ்கூலுக்குப் போவும்?"

"அதான்மா தப்புன்னு சொல்றேன்."

"ஏற்கெனவே குப்பத்துப் புள்ளன்னா வாத்தியாருங்கோ ஒரு மாதிரியா பாக்குறாங்கோ. ஒன்ன அந்த ஸ்கூல்ல சேக்க நான் மீன் கூடையோட போயி நின்னப்ப, 'ஒழுங்கா அனுப்புவியா'ன்னு என்னியே கேட்டாங்கோ. இப்ப நீயே புக்குல போட்டுட்ட, அனுப்ப மாட்டாங்கோன்னு. அத்த காட்டி ஒனக்கு பர்மனென்டு!"

"அத்தே, அதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க," என்றார் அண்ணி.

அண்ணி சமாதானத்துக்காகத்தான் சொன்னார். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. அருகில் போய் அவன் தோளில் கை வைத்தார். அவன் தள்ளவில்லை.

"ஏங்க, திங்கக்கிழமை மட்டும் போவட்டும்," என்றார். "ஆர்டர் கைக்கு வந்ததும் திருத்திக்கிடலாம். நானே ஞாவகப்படுத்துதேன்."

"அதுக்கப்புறம் திருத்தினா, ஆர்டர் வாங்கறதுக்காகத் தப்ப வச்சிருந்தான்னு ஆவும்."

"இப்ப திருத்தினா ஆர்டரே வராது!"

"வராதுன்னு யாரு சொன்னா?"

"வரும்னு யாரு சொன்னா?"

நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணன் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தான். கல்விக்கரை ஆசிரியருக்கு ஒரு திருத்தம். மே மாதத்தை நீக்கிக் கணக்கைத் திரும்பப் போட்டிருந்தான். தடைக்காலத்தில் பள்ளி நடந்த நாட்களை மட்டும் எடுத்தால் வருகை எழுபத்தொன்பது சதவீதம். மற்ற காலத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. அதாவது, நான்கு மாதம் வீடு வீடாக அலைந்து அவன் கண்டுபிடித்தது: குப்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

"இது எந்த இதழ்லயும் வராது," என்றான். "விசேஷமா ஒன்னும் இல்லன்னு சொல்லிடுவாங்க."

"அம்மாகிட்ட சொல்லு. அதுக்கு விசேஷமாத்தான் இருக்கும்."

"ஒங்க தாள்ல ஒரு கேள்வி கீதில்ல, திருத்தம் வந்தா அச்சிடுறாங்களான்னு?"

"இருக்கு."

"இந்தத் திருத்தத்த நான் அனுப்பினா, போடுறாங்களா இல்லையான்னு யாரு வேணாலும் பாத்துக்கலாம். அதுக்கு நீ மூணாவது ஆளா இருக்கத் தேவையில்ல. நீ விலகிக்க. ஆனா நானும் திங்கக்கிழமை அந்தக் கட்டுரையக் காட்டாம..." நிறுத்திவிட்டான்.

திருத்தம் முடிந்துவிட்டது. அனுப்பவில்லை. எங்கள் வீட்டில் லேப்டாப்புக்கு நெட் அண்ணியின் போனிலிருந்துதான் வர வேண்டும். அண்ணி போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அதன் மேல் தலையையும் வைத்துவிட்டார். அண்ணன் போனிலும் என் போனிலும் இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. அம்மா போனில் பொத்தான் மட்டும்தான் உண்டு. அண்ணன் போய் அந்தத் தலையணையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. தூக்க மனமில்லையா, துணிவில்லையா என்று நான் கேட்கவில்லை.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது அண்ணன் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான்.

"காலைல கெளம்பறதுக்கு முன்னாடி படி. நல்லா கீதுன்னு மட்டும் சொல்லிடாத."

டேட்டா தீர்வதற்கு முன்பே குழுவில் அப்பாவின் இன்னொரு குரல் பதிவு வந்திருந்தது. "பெயிலானது யாருன்னு இன்னும் யாரும் சொல்லலியே. காத்து கொறஞ்சா காலைல வூட்டுக்கு வரேன். வந்து கேட்டுக்குறேன்."

நாளைய வேலை: பத்து மணிக்கு ராயபுரம். குழு கூடும் முன்பே ஹில்டா மேடத்தைத் தனியாகப் பார்த்து, ஏழாம் கட்டுரை என் அண்ணனுடையது என்று சொல்லி விலக வேண்டும். மழை பெய்தாலும், மேடம் அவசரத்தில் இருந்தாலும் சொல்ல வேண்டும். அதற்கு முன் அண்ணனின் திருத்தத்தைப் படிக்க வேண்டும். முதல் வரியிலிருந்து, முழுவதும்.